கூழ் இனித்த கிண்ணம்

முனிரத்தினத்துக்குத் தன் கையைப் பற்றிக் கர்வம் உண்டு. கொஞ்சநஞ்சம் இல்லை, தலைக்கு மேல் இருந்தது. வல்லத்தைச் சுற்றி இருந்த ஐந்தாறு ஊர்களுக்குப் பொங்கல் பானையும் கல்யாணத்து அரசாணிப் பானையும் அவன் சூளையிலிருந்துதான் போகும். வாங்க வந்தவன் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இவனே தட்டி, "இன்னா சத்தம் கேட்டியா? கோயில் மணி தோத்துச்சு போ" என்பான். அவன் சம்சாரம் கங்கம்மாள் உள்ளேயிருந்து, "அத்த வாங்கறவன் சொல்லணும்" என்று முனகுவாள். அவனைக் கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. எந்தப் பானை தேறும், அவன் பேச்சில் எது தேறும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரகடம் சாலையில் நெல் வயலை மேடாக்கி ஒரு பீங்கான் கம்பெனி எழும்பியபோது, சக்கரத்தில் கை பழகின ஆள் வேண்டுமென்று முதலில் இவனைத்தான் தேடி வந்தார்கள். இவனும் போனான். குலத்தொழிலை விட்டுவிட்டு அழுதுகொண்டே போனான் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அவனுக்குக் கம்பெனி ரொம்பப் பிடித்திருந்தது. கோலால் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை இற்றுப்போக வேண்டாம், பித்தானை அமுக்கினால் மோட்டார் சக்கரம் தானே சுற்றும். தலைக்கு மேல் பேன், பத்து மணிக்கு டீ, நினைத்தால் ஓ.டி. அங்கேயும் அவன்தான் முதல் கை. அதில்தான் அவனுக்கு வந்தது வினை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை கடைசியில் சூப்பர்வைசர் தசரதன் ஒரு கலர் போட்டோவைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினார். தேன் நிறத்தில் ஒரு கிண்ணம். மற்ற கிண்ணம் மாதிரி உருண்டையாக இல்லை. வாயிலிருந்து அடி வரைக்கும் எட்டுப் பட்டை இறங்கியிருந்தது. பட்டைக்குப் பட்டை வெளிச்சம் வேறு வேறாக விழுந்திருந்தது.

"வெளிநாட்டு ஆர்டர்யா. அச்சுல ஊத்தித் தரேன்னா வாணாம்னுட்டான். சக்கரத்துல போட்டு, பட்டைய கையால வெட்டணுமாம். முடியுமா உன்னால?"

"சுட்ட பொறவு தேய்க்கறதா சார்?"

"இல்ல இல்ல. பச்சையா சக்கரத்து மேல நிக்கறப்பவே கத்தியால வெட்டணும். வெட்டிட்டு அப்பால விரிக்கணும்."

முனிரத்தினம் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கத்தி என்ற சொல்லுக்கு அவனிடம் என்ன அர்த்தம் என்று தசரதனுக்குத் தெரிய நியாயம் இல்லை.

முனிரத்தினத்தின் வகையறாவில் பச்சைப் பானைக்கு நூல்தான் ஆகும், கத்தி ஆகாது. சக்கரத்திலிருந்து பானையை நூலால் அறுத்து எடுப்பார்கள். அது தொப்புள்கொடி அறுக்கிற கணக்கு, அதில் தப்பில்லை. ஆனால் பானையின் வயிற்றில் இரும்பு படுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் தோளில் நீர்க்குடத்தோடு சுற்றி வரும்போது, பின்னால் நடக்கிறவன் சுற்றுக்கு ஒன்றாக மூன்று ஓட்டை போடுவான். செத்தவர்களுக்கு மட்டும் உள்ள காரியத்தை இருக்கிறவர்கள் பாண்டத்துக்குச் செய்யலாமா? அதிலும் குடும்பத்தில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது?

பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள். ஒரே மகள் சசிகலா, மறைமலை நகரில் ஒரு லேத்து பட்டறைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள். முதல் கரு மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம் போனது. இது மூன்றாவது, ஐந்து தாண்டி நின்றிருந்தது. "இதுவும் நிக்கலன்னா பொண்ண உங்க வூட்டுலயே வெச்சிக்குங்க" என்று மாமியார்க்காரி சாடையாகச் சொல்லாமல் நேராகவே சொல்லிவிட்டிருந்தாள். இரண்டு வீட்டிலும் எல்லோரும் அந்தக் குழந்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையும் தெரிந்திருந்தும் முனிரத்தினம், "செஞ்சி பாக்கலாம் சார்" என்றான். தசரதன் "முடியுமா உன்னால" என்று கேட்டாரே, அந்தக் கேள்வி கத்தியை விடக் கூர்மையாக இருந்தது. கர்வம் பிடித்தவனை வீழ்த்த வேறு எதுவும் தேவையில்லை.

முதல் வாரம் முழுக்கக் கிழிசல். ரம்பத் துண்டைச் சாணை பிடித்துக் கத்தி ஒன்று செய்துகொண்டான். மண்ணைச் சக்கரத்தின் நடுவில் அடக்கி, குழித்து, சுவரைக் கட்டைவிரல் கனத்துக்குத் தூக்குவான். சக்கரத்தை நிறுத்துவான். வாயில் எட்டுப் புள்ளி வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுப்பான். எட்டுச் சீவல் மண் விழும். அதற்கப்புறம்தான் வித்தையே. சக்கரத்தை மெல்ல ஓட விட்டு, உள்ளே மட்டும் கையை விட்டு, வயிற்றை வெளியே தள்ள வேண்டும். வெளிப்புறத்தில் விரல் பட்டால் பட்டை மழுங்கிவிடும். காலமெல்லாம் உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை என்று பானை வனைந்தவனுக்கு, வெளிக்கை சும்மா இருப்பது பெரிய தண்டனை. ஆழமாக வெட்டினால் விரிக்கும்போது கிழியும். மேலாக வெட்டினால் பட்டை காணாமல் போகும்.

எட்டாம் நாள் கைக்குப் பிடிபட்டது. உள்ளே இருக்கிற விரலுக்குச் சுவர் ஒரு சுற்றுக்கு எட்டுத் தரம் மெலிந்து எட்டுத் தரம் தடிப்பது தெரிந்தது. அந்தத் துடிப்புக்கு ஏற்றபடி அமுக்கம் கொடுத்தால் கிண்ணம் தானே மலர்ந்தது. தசரதன் வந்து பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். முனிரத்தினம் அன்றைக்கு வீட்டுக்குச் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனான்.

பாட்டு வாசலோடு நின்றது. கிழிசல், பட்டை, கத்தி என்று அவன் வாய் கொள்ளாமல் சொன்னதைக் கங்கம்மாள் கடைசி வரை கேட்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"பச்சப் பாண்டத்துல கத்தி வெச்சியா?"

"அது பாண்டம் இல்லடி. வெளிநாட்டுக்காரன் கிண்ணம்."

"மண்ணுதானே? வயிறுதானே? பொண்ணு வயித்துல புள்ளய வெச்சிக்கினு கீறா, நீ வயித்த வெட்டிக்கினு கீற. உனக்கு இன்னா புத்தி கெட்டா போச்சி?"

"சூளைக்குப் போனா எல்லாம் சரியாப் பூடும். நெருப்பு பட்டதுக்கு ஏது தீட்டு?"

இது அவன் சொந்தச் சரக்கு இல்லை. அவர்கள் வகையறாவில் எல்லோரும் சொல்வதுதான். யார் மிதித்த மண்ணாக இருந்தாலும், எந்த ஏரியில் எது செத்து மக்கிக் கிடந்த சேறாக இருந்தாலும், சூளைக்குள் போய் வந்தால் சுத்தம். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் குயவன் வீட்டில் ஒருவரும் ஒரு வாய் சோறு தின்ன முடியாது. கங்கம்மாளும் அதை நம்புகிறவள்தான். அதனால் அவளால் அதற்கு மேல் வாதாட முடியவில்லை. ஆனால் சமாதானமும் ஆகவில்லை.

பங்குனியில் வளைகாப்பு முடிந்து சசிகலா தாய் வீட்டுக்கு வந்தாள். ஏழாம் மாதம். முகம் தெளிந்து, கன்னம் பூசி, மகராசியாக இருந்தாள். அவளைப் பார்த்ததும் கங்கம்மாள் பழையபடி கத்திப் பேச்சை எடுத்துவிட்டாள். உட்கார்ந்தால் அது, எழுந்தால் அது. வாயை அடைக்க வேண்டுமென்று முனிரத்தினம் ஒரு காரியம் செய்தான். வாய் கொஞ்சம் கோணிப்போனதால் கழித்துப் போட்ட ஒரு பட்டைக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். கழிசலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கம்பெனியில் பல பேர் எடுத்துப் போயிருந்தார்கள்.

துணியைப் பிரித்ததும் சசிகலா, "நைனா! இத்த நீயா செஞ்ச?" என்றாள். தேனை ஊற்றி உறைய வைத்தது போல் இருந்தது. வெயிலில் திருப்பினால் பட்டை பட்டையாக மின்னியது. கங்கம்மாளே கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"தோ பாரு. கத்தி பட்ட பாண்டம். நெருப்புக்குப் போயி வந்துட்சி. என் பொண்ணு இதுலதான் கூழு குடிக்கப் போறா. ஒண்ணும் ஆவாது. அப்பால நீ இந்தப் பேச்சயே எடுக்கக் கூடாது" என்றான்.

கங்கம்மாள் யோசித்தாள். நெருப்பு பட்டதற்குத் தீட்டில்லை என்பது உண்மையானால் பயமில்லை. முதல் நாள் கரைத்துப் புளித்திருந்த கேழ்வரகுக் கூழை மோர் விட்டு அவளே ஊற்றிக் கொடுத்தாள். சசிகலா குடித்துவிட்டு நாக்கால் உதட்டை நக்கினாள்.

"யம்மா, இந்தக் கிண்ணத்துல கூழு இனிக்குதும்மா."

"புளிச்ச கூழு எப்பிடிடி இனிக்கும்?"

"மெய்யாலும். அடியில இருக்கறது நல்லா இனிக்குது."

முனிரத்தினம் மார்பை நிமிர்த்தினான். "எவன் கைல செஞ்சது?" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அந்த வருஷம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கம்பெனியில் கிண்ணங்களுக்குக் கண்ணாடிப் பூச்சு பூசுகிற வேலை மெர்சியுடையது. பக்கத்து ஊரான வடகாலில் இருந்து வருகிற கலகலப்பான பெண். சிவப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து, கிண்ணத்தை முக்கி எடுப்பாள். சூளைக்குள் போகும்போது செங்கல் பொடி பூசின மாதிரி இருப்பது, வெளியே வரும்போது தேன் நிறம் ஆகிவிடும். சித்திரை பிறந்தபோது மெர்சியின் கலகலப்பு குறைந்திருந்தது. வயிற்றை முறுக்குகிறது என்று அடிக்கடி சுவரோரம் குந்திக்கொண்டாள். ஒருநாள் கிண்ணம் அடுக்கின பலகையைத் தூக்கும்போது மணிக்கட்டு மடங்கிப் பலகை சரிந்தது.

"இன்னா மெர்சி, கை இல்லயா?" என்றான் முனிரத்தினம்.

"தெரியலண்ணே. கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. வாயி வேற எந்நேரமும் இனிச்சிக்கினே கீது."

"தேன் கலரு கலக்கற இல்ல, அதான்" என்று அவன் கேலி செய்தான். அவளும் சிரித்து வைத்தாள். சிரித்தபோது அவள் ஈறில் பல்லை ஒட்டிக் கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. கரிப்பொடியில் பல் விளக்குகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சக்கரத்துக்குத் திரும்பினான். அவன் கவனமெல்லாம் கத்தியில் இருந்தது. கத்தியைத் தவிர வேறு எதுவும் பயப்பட வேண்டிய பொருளாக அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டில் சசிகலாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. வயிற்றை அவ்வப்போது சுருட்டிப் பிடித்தது. நாலு நாளைக்கு ஒரு தரம்தான் வெளிக்குப் போனாள். தலைவலி தீரவே இல்லை. சுகாதார நிலையத்து நர்ஸ் ரத்னா வந்து கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ரத்தமே இல்லம்மா. மாத்திர குடுக்கறேன், தெனம் முழுங்கணும். இன்னா பல்பொடி போடற? ஈறெல்லாம் கருப்பா கீதே?"

"கரித்தூளுதான்க்கா."

"பேஸ்ட்டு போடு" என்று சொல்லிவிட்டு ரத்னா போய்விட்டாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாளைக்கு முப்பது வீடு ஏறி இறங்குகிறவள்.

கங்கம்மாளுக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. அம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள். "கத்திதான்யா. நெருப்பு அத்த சரி பண்ணல. சொன்னாக் கேளு, அந்த வேலய வுட்டுடு" என்று ஒருநாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முனிரத்தினத்துக்கும் பயம் வந்திருந்தது. ஆனால் ஆர்டரில் பாதி முடிந்திருந்தது, அந்தக் கிண்ணத்தைப் போட அவனைத் தவிர ஆள் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தான். வெட்டி விழுந்த மண் சீவல்களைக் கம்பெனி மண் தொட்டியில் போடாமல், தினமும் ஒரு கோணியில் அள்ளி வந்து வல்லம் ஏரியில் கொட்டினான். வெட்டுப்பட்டதைத் தங்கள் வகையறா மண் எடுக்கிற ஏரிக்கே திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று அவனே சட்டம் போட்டுக்கொண்டான். கங்கம்மாளும் ஒருமாதிரி அடங்கினாள்.

சசிகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. கூழ் மட்டும் இறங்கியது, அதுவும் அந்தக் கிண்ணத்தில் ஊற்றினால்தான். வேறு ஏனத்தில் கொடுத்தால் புளிக்கிறது என்று தள்ளிவிடுவாள். மகள் ஏதோ ஒன்றையாவது விரும்பிக் குடிக்கிறாளே என்று முனிரத்தினத்துக்கு ஆறுதல். "ராத்திரியே அதுல ஊத்தி மூடி வெச்சிடு கங்கா. நல்லா புளிச்சி ஊறட்டும். காலைல எழுந்ததும் பசியோட குடிப்பா" என்று அவன்தான் சொன்னான். அன்றிலிருந்து கங்கம்மாள் தினமும் விளக்கை அணைக்கும் முன் கூழைக் கிண்ணத்தில் ஊற்றி, தட்டு போட்டு மூடி, அம்மனை நினைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அதன்மேல் கையை வைத்திருப்பாள். காலையில் கூழ் முன்னைவிட இனித்தது.

"கொழந்த அசையுதாடி?" என்று கங்கம்மாள் தினமும் கேட்பாள்.

"அசையுதும்மா." சித்திரை கடைசியில், "கொஞ்சம் கொறவாத்தான் அசையுது" என்றாள்.

வைகாசி முதல் வாரத்தில் ஒரு ராத்திரி ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்தது ஊருலகம் அறிந்தது. அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது பஸ் இல்லை, கடை இல்லை, கூட்டுச்சாலை எல்லாம் போலீஸ். ஆளைப் பார்த்தால் ஆள் பயந்தான். கங்கம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு, "கெட்ட காலம் வூடு வூடா வருது" என்றாள்.

கிண்ணங்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய லாரியும் வரவில்லை. மூன்றாம் நாள் முனிரத்தினம் வயல் வரப்பிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கம்பெனிக்குப் போனபோது பாதிப் பேர் வந்திருக்கவில்லை. மெர்சி பத்து நாளாகவே வரவில்லை, படுக்கையில் கிடப்பதாகச் சொன்னார்கள். கரண்டும் இல்லாததால் சக்கரம் ஓடவில்லை. "சும்மா ஏன் குந்திக்கினு கீற, வைக்கோல் மாத்தணும் வா" என்று பேக்கிங் செய்கிற அன்பு கூப்பிட்டான். மழைச் சாரலில் பெட்டிகளுக்குள் வைக்கோல் நனைந்திருந்தது. பேக்கிங் கொட்டகைக்குள் முனிரத்தினம் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சக்கரத்துக்காரன் பெட்டி கட்டுவானா என்பது அவன் எண்ணம்.

தான் போட்ட கிண்ணங்களைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். அடிப்பக்கம் ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. தன் பெயரைத்தான் போட்டிருக்கிறார்களோ என்று ஒரு நப்பாசை அவனுக்கு.

"இது இன்னாடா அன்பு எழுதிக்கீது?"

அன்பு பத்தாவது வரை படித்தவன். கிண்ணத்தைத் திருப்பி எழுத்துக் கூட்டினான். "சாப்பாட்டுக்கு இல்லண்ணே. அழகுக்கு வெக்கறதுக்கு மட்டும். இதுல எதுவும் வெச்சித் துன்னக் கூடாதாம். விஷம் எறங்குமாம்."

"விஷமா? கிண்ணத்துலயா?"

"அப்பிடித்தான் போட்டுக்கீறான்."

முனிரத்தினம் கிண்ணத்தோடு ஆபீஸ் ரூமுக்குப் போனான். தசரதன் ரேடியோவைக் காதில் வைத்துச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இதுல துன்னக் கூடாதுன்னு போட்டுக்கீதாமே?"

"ஆமாய்யா. அந்த செவப்புத் தூளு காரீயம். அது இல்லாம இந்தக் கலர் வராது. பூவு கீவு வெக்கத்தான் வாங்கறான் அவன்."

"நெருப்புல போயி வந்துட்சே சார். அப்பவும் இருக்குமா?"

"ஈயம் எங்கய்யா போவும்? உள்ளயேதான் இருக்கும். புளிப்புப் பட்டா கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். இனிப்பா இருக்குமாம், துன்றவனுக்குத் தெரியவே தெரியாதாம்." தசரதன் ரேடியோவை இறக்கினார். "ஏன்? யாருனா துன்னாங்களா?"

முனிரத்தினத்துக்கு மெர்சியின் ஈறு கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பக்கத்திலேயே மகளின் ஈறு வந்தது. கரித்தூள் இல்லை. இரண்டு பேர் வாயிலும் ஒரே கோடு. அவன் கையிலிருந்த கிண்ணத்தை மேசைமேல் வைத்தான், அது சரியாக உட்காராமல் ஆடியது. "கழிசல் எடுத்துக்கினு போனவங்க எல்லார்கிட்டயும் சொல்லுடா, தூக்கிக் கடாசச் சொல்லு, மெர்சி வூட்டுக்கு மொதல்ல போ" என்று கொட்டகையில் இருந்த அன்பைப் பார்த்துக் கத்திவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

கூட்டுச்சாலையில் போலீஸ்காரர் மறித்தார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், ஏன் இந்த அவசரம்? முனிரத்தினத்துக்கு வாய் குழறியது. "பொண்ணு... கூழு..." என்றான். அதுவே சந்தேகத்தைக் கிளப்ப, வெயிலில் அரை மணி நேரம் ஓரமாக உட்கார வைத்தார்கள். அந்த அரை மணியில் அவன் கணக்குப் போட்டான். பங்குனி பாதியிலிருந்து வைகாசி பத்து வரைக்கும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று.

வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. சசிகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கிண்ணம் காலியாக அவள் பக்கத்தில் இருந்தது. கங்கம்மாள் சந்தோஷமாக, "இன்னிக்கு ரெண்டு வாட்டி கேட்டு வாங்கிக் குடிச்சிக்கீறா. மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்சா மாரி இல்ல?" என்றாள்.

முனிரத்தினம் கிண்ணத்தை எடுத்தான். வாசலுக்குப் போய்த் துணி துவைக்கிற கல்லின்மேல் ஓங்கி அடித்தான். குயவனுக்கு ஆறு மாசம், தடிக்காரனுக்கு அரை நாழிகை என்பார்கள். அன்றைக்கு அவனே குயவன், அவனே தடிக்காரன். தேன் நிறத் துண்டுகள் வாசல் முழுக்கச் சிதறின.

கங்கம்மாள் ஓடி வந்தாள். உடைந்ததைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை, நிம்மதி வந்தது. "இப்பவாவது ஒத்துக்கினியே. கத்தி பட்டது ஆவாதுன்னு இப்பவாவது புத்தி வந்துதே" என்று சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் உள்ளேயிருந்து சசிகலா, "யம்மா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட குரலிலேயே வலி கண்டுவிட்டது தெரிந்தது.

பஸ் இல்லை. ஆள் விட்டுச் சொன்னதும் தசரதன் கம்பெனி டெம்போவை அனுப்பினார், அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும். மூன்று இடத்தில் மறித்து, மூன்று இடத்தில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து விட்டார்கள். செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. விரல், நகம், தலைமுடி, எல்லாம் இருந்தது. அழவில்லை.

இரண்டாம் நாள் சசிகலாவுக்கு நினைவு தெளிந்தது. கங்கம்மாள் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான் முனிரத்தினம்.

"நைனா."

"இன்னாம்மா."

"கிண்ணத்த ஏன் ஒடச்ச?"

அவன் அவள் போர்வையைச் சரி செய்தான்.

"சேத்த அன்னிக்கே டாக்டரம்மா என் வாயத் தொறந்து ஈறப் பாத்தாங்க. எதுல துன்ன, எதுல குடிச்சன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. அந்தக் கிண்ணம்தானே நைனா?"

அவன் சொன்னான். சிவப்புத் தூள், சீட்டு, ஈயம், இனிப்பு, எல்லாம் சொன்னான். சொல்லி முடித்தபோது தலையைக் கட்டில் காலில் முட்டிக்கொண்டான். "நான்தாம்மா கொணாந்தேன். நான்தான் ராத்திரியே ஊத்தி வெக்கச் சொன்னேன்."

சசிகலா மேலே சுற்றாமல் நின்ற பேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை இறங்கி அவன் தலையைத் தேடியது.

"நீ சொன்ன. ஆனா தெனம் ஊத்துனது அம்மா. கைய வெச்சி வேண்டிக்கினு மூடும், நான் பாத்துக்கீறேன்." அவள் மூச்சு இரைத்தது. "அதுக்குத் தெரிஞ்சா செத்துப் பூடும் நைனா. சொல்லாத."

வெந்நீர்க் கூஜாவோடு கங்கம்மாள் வந்தாள். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது. கூஜாவை வைத்துவிட்டு, புருஷனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டாள்.

"நான் எதுலயும் கொற வெக்கலயே? வேளா வேளைக்குக் கூழு குடுத்தேன். அம்மனுக்கு முடிஞ்சி வெச்சேன். அந்தக் கத்திதானே? நீயே சொல்லு. கத்திதானே?"

சசிகலா அப்பனைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் தன் கையைப் பற்றிப் பீற்றிக்கொண்ட முனிரத்தினம் அந்தக் கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆமா கங்கா" என்றான். "கத்திதான். உன் பேச்ச நான்தான் கேக்கல."